பயிர் காக்கும் பூச்சிகள்

குளவியானது புழுவைக் கொண்டுவந்து தன் மண்கூட்டில் அடைத்து, இடையறாது கொட்டிக்கொட்டி, ஈற்றில் அப்புழுவையே குளவியாக்கிவிடுகின்றது என்று நம் முன்னோர் கூறிவந்தனர். குருவின் அருளாற் சீடன் குருவின் தன்மையை எய்துவான் என்பதனை விளக்குதற்குப் பிரமரகீட நியாயம் என்னும் பெயரால் இதனை உவமையாக எடுத்தாண்டனர். உவமையின் பெருமை ஒருபுறமிருக்க, அதற்கு அடிப்படையாய் அமைந்த காட்சி மெய்யானதே. மண்கூடு கட்டும் குளவி புழுவைக் கொட்டுவதும், கூட்டில் வைத்து வாயை அடைப்பதும், பல நாட் கழிந்தபின் அக்கூட்டிலிருந்து ஒரு குளவி வெளிப்படுவதும் எவரும் காணக்கூடியன. இடையில் நிகழ்வதே கண்ணுக்குப் புலனாவதில்லை. புழுவைக் கொண்டுவருமுன்னரே குளவி கூட்டினுள் முட்டையிட்டு வைத்திருக்கின்றது. கொட்டுண்ட புழு உடனே இறவாது அசைவற்றுக் கிடக்கின்றது. முட்டையினின்றும் வெளிவரும் குடம்பி அப்புழுவை உண்டு வளர்ந்து குளவியாகின்றது. ஆகவே புழு குளவியாவதில்லை, குளவிக்கு உணவாகின்றது.

இவ்வுண்மையைச் சற்று விரித்து நோக்கின், உழவர்க்கு உகந்த செய்தியொன்று அதனுள் அடங்கியிருத்தல் தெளிவாகும். கூட்டினுள் அடைபட்ட ஒவ்வொரு புழுவும் எவரோ ஒருவருடைய பயிரைத் தின்றுகொண்டிருந்த புழுவேயாம். பயிரை உண்ணும் பூச்சிக்குப் பகையாய் வேறொரு பூச்சி உண்டு. அப்பகையை நாம் துணையாக்கிக்கொள்ளலாம் என்பதே உயிரியற் கட்டுப்பாடு என வழங்கும் முறையின் அடிப்படை. அம்முறை எங்ஙனம் தோன்றிற்று, எங்கெங்கு வெற்றி தந்தது, எக்காரணத்தாற் கெட்டது, நம் வீட்டுத் தோட்டத்தில் அதற்கு இடமுண்டா என்பவற்றை ஈண்டு ஆராய்வோம். மாணவர்க்கு இஃது ஒரு விலங்கியற் பாடம். பழைய மாணவருள் மண்ணை நம்பி வாழ்வோர்க்கு இது வாழ்க்கைப் பாடமுமாகும்.

இருவகைப் பகைவர்

பீடைகளுக்குப் பகையாயுள்ள பூச்சிகளை இரு வகுப்பாகப் பிரிக்கலாம். முதலாவது வகுப்பு இரைகௌவிகள். இவை பிற பூச்சிகளைப் பிடித்துத் தின்பன. பொறிவண்டு, தும்பி, கும்பிடுபூச்சி என்பன இவ்வகுப்பின. இரண்டாவது வகுப்பு ஒட்டுண்ணிகள். இவற்றுட் பெரும்பாலன மிகச் சிறிய குளவிகள். ஒரு மில்லிமீற்றர் நீளமும் அற்றன பல. தாய்க்குளவி தன் முட்டையைப் பீடையின் உடலினுள்ளோ உடலின் மேலோ இடும். முட்டையிலிருந்து வரும் குடம்பி அவ்வுடலையே உண்டு வளர்ந்து, ஈற்றில் அதனைக் கொன்று வெளிவரும். பொதுவாக, இரைகௌவி கண்டவற்றையெல்லாம் உண்ணும். ஒட்டுண்ணியோ ஒரு பீடையையோ அதற்கு நெருங்கிய சில இனங்களையோ மாத்திரம் நாடும். இவ்வேறுபாடு பின்னர் வேண்டப்படுமாதலின் அதனை மனத்திற் கொள்க.

பூச்சியைக் கொண்டு பூச்சியை அடக்கும் வழக்கம் மிகப் பழையது. மாமரத்தில் இலைகளை இணைத்துக் கூடுகட்டி, ஏறுவோரைக் கடித்து வருத்தும் முசுறுகளை நாம் வெறுக்கின்றோம். சீன தேசத்தின் தென்பகுதியிலோ இவ்வினத்து எறும்புகளைக் கூட்டோடு விலைக்கு வாங்கித் தோடைமரங்களில் விட்டனர். கி.பி. 304ஆம் ஆண்டினதெனக் குறிக்கப்படும் சீன நூலொன்று இதனைக் கூறுகின்றது. எறும்பில்லாத மரத்தின் கனிகள் பூச்சியால் அழிவுற்றன என்பது அவர் கண்ட அனுபவம். பின்னாளில் எறும்புகள் மரத்துக்கு மரம் செல்லுதற்பொருட்டு மூங்கிற் பாலங்களும் அமைத்தனர்.

கலிபோர்னியா தந்த பாடம்

பழைய வழக்கமாய் இருந்த இம்முறை, விஞ்ஞான முறையாக உலகறிந்தது கலிபோர்னியாவிலாகும். 1868ஆம் ஆண்டளவில் ஒருவகைச் செதிற்பூச்சி அந்நாட்டில் முதன்முதல் காணப்பட்டது. பெண் பூச்சி பஞ்சுபோன்ற வெண்பையிற் பல நூறு முட்டைகளைச் சுமந்து, கிளையிற் படிந்திருந்து சாற்றை உறிஞ்சும். இருபது ஆண்டுகளுக்குள் தென்கலிபோர்னியாவின் தோடைத் தோட்டங்கள் அழிவின் விளிம்பை எய்தின. மருந்து தெளித்தும் நச்சுப்புகை ஊட்டியும் பயன் காணாத தோட்டக்காரர் சிலர் மரங்களை வெட்டி எரிக்கலாயினர்.

அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் தலைமைப் பூச்சியியலாளர் சி. வி. றைலி என்பார் இப்பூச்சியின் பிறப்பிடம் அவுஸ்திரேலியா என அறிந்தார். அங்கு அது பெருந்தீங்கு செய்யவில்லை. எனவே அதனை அடக்கும் பகைவன் ஒருவன் அங்கு இருத்தல் வேண்டுமென அவர் கருதினார். திணைக்கள உத்தியோகத்தரைப் பிறநாட்டுக்கு அனுப்பப் பணம் செலவிடுவதைச் சட்டசபை தடுத்திருந்தது. ஆதலின் அல்பேட் கோபெலே என்பவர், 1888ஆம் ஆண்டு மெல்போண் நகரில் நிகழ்ந்த பொருட்காட்சிக்குச் செல்லும் குழுவோடு சேர்த்து அனுப்பப்பட்டார். அவர் அடிலெயிட் நகரிற் சிறு செந்நிறப் பொறிவண்டொன்று அச்செதிற்பூச்சியை உண்பதைக் கண்டு, அவ்வண்டுகளைக் கப்பலில் அனுப்பினார். முதலில் வந்து சேர்ந்தவை 28. எல்லாமாக வந்தவை 514. லொஸ் ஏஞ்சலிஸ் நகரத் தோட்டமொன்றிற் பீடை பிடித்த தோடைமரத்தைக் கூடாரத் துணியால் மூடி, அதனுள் முதல் வண்டுகள் விடப்பட்டன. 1889ஆம் ஆண்டு யூன் மாதத்துள் அவற்றின் வழிவந்த 10,000க்கும் மேற்பட்ட வண்டுகள் ஏனைய தோட்டக்காரர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஓரிரு ஆண்டில் அப்பீடை அஞ்சத்தக்கதொன்றாக இல்லாதொழிந்தது.

இவ்வரலாற்றில் நாம் கற்கவேண்டியது யாது? ஓர் உயிர் தன் பிறப்பிடத்திற் பகைவரோடு கூடி அளவாக வாழ்கின்றது. செடியோடும் கனியோடும் கப்பலேறிப் பிறநாடு புகும்போது பகைவரைப் பின்னே விட்டுவிடுகின்றது. அளவு தவறிப் பெருகுதற்கு அதுவே காரணம். பகைவரையும் தேடிக் கொணர்ந்து சேர்த்தால் அளவு மீளும். பகைவரும் பீடையும் சிறுதொகையாக ஒருங்கே நிலைபெறுதலே இங்கு வெற்றி எனப்படும். பீடை முற்றாக அழிந்தாற் பகைவரும் உணவின்றி மாய்வர் என்பதை மறத்தலாகாது.

ஈழத்திற் கண்ட வெற்றிகள்

இம்முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்திலேயே இலங்கையில் அறியப்பட்டிருந்த ஒருவகை அந்துப்பூச்சியின் புழு, பின்னர் தேயிலைக்குப் பெரும்பீடையாயிற்று. இது கொழுந்திலைகளை நூலாற் பிணைத்துச் சுருட்டி, அதனுள் மறைந்திருந்து தின்னும். 1935-36ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டுத் தேயிலைத் தோட்டங்களில் விடப்பட்டது. இக்குளவியின் இயல்பு வியக்கத்தக்கது. இது புழுவினுள் இடும் ஒரு முட்டையே பலவாகப் பிரிந்து பல குடம்பிகளைத் தரும். இலைச்சுருளினுள் ஒளித்திருக்கும் புழுவை மருந்து எட்டுவது அரிது. குளவியோ அதனைத் தேடிக் கண்டுபிடித்தது. சில ஆண்டுகளிற் சுருட்டுப்புழு பெரிதும் அடங்கிற்று.

தென்னையிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1970ஆம் ஆண்டில், தென்கிழக்காசிய நாடுகளுக்குரிய இலைதுருவும் வண்டொன்று இலங்கைத் தென்னைகளிற் காணப்பட்டது. ஓலையின் இரு தோலுக்குமிடையே இருந்து பச்சையத்தைத் தின்னும் அதன் குடம்பியால் ஓலைகள் எரிந்தனபோலக் காய்ந்தன. உயர்ந்த மரங்கள் அனைத்துக்கும் மருந்து தெளித்தல் இயலாத காரியம். 1971ஆம் ஆண்டிற் சிங்கப்பூரிலிருந்து கொணர்ந்து பரப்பப்பட்ட சிறு குளவியினம் அவ்வண்டினை அடக்கிற்று.

கண்ணாடி வீட்டினுள்

திறந்த வெளியில் மட்டுமன்றி, குளிர்நாட்டினர் தக்காளி, வெள்ளரி முதலியவற்றை வளர்க்கும் கண்ணாடி வீடுகளிலும் இம்முறை கையாளப்பட்டது. அங்கு மழையில்லை, காற்றில்லை, இதமான வெப்பமுண்டு. பயிருக்கு இனியனவாகிய இவை பீடைக்கும் இனியனவே. ஆனால் வெளியிலுள்ள பகைவர் உள்ளே புகுதல் அரிது. எனவே பகைவரையும் மனிதனே கொண்டு சென்று விடுதல் வேண்டும்.

1926ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ஹேட்போட்சயரிலுள்ள தோட்டக்காரர் ஒருவர், தக்காளி இலையின் அடியிலுள்ள வெள்ளை ஈக் குடம்பிகளிற் சில கருநிறமாயிருத்தலைக் கண்டார். அவற்றைச் செசன்ற் ஆராய்ச்சி நிலையத்திலிருந்த ஈ. ஆர். ஸ்பையர் ஆராய்ந்து, மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியொன்று முட்டையிட்டமையாற் குடம்பி கறுத்தது எனத் தெளிந்தார். இக்குளவி இனத்திற் பெரும்பாலும் பெண்களேயுண்டு. ஆணின் துணையின்றியே அவை பெருகும். 1930களில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் குளவிகள் அந்நிலையத்தில் வளர்க்கப்பட்டுத் தோட்டக்காரர்க்கு அனுப்பப்பட்டன. கருங்குடம்பிகள் ஒட்டிய இலைத்துண்டைச் செடியிலே தொங்கவிடுவதே தோட்டக்காரர் செய்ய வேண்டிய வேலை.

நஞ்சு செய்த கேடு

இரண்டாம் உலகப்போரின் பின் டி.டி.ரி. முதலிய புதிய நச்சு மருந்துகள் எங்கும் பரவின. தெளித்த மறுநாளே பூச்சிகள் இறந்து கிடத்தலைக் கண்ட உழவர், பொறுத்திருந்து பயன் தரும் குளவியையும் வண்டையும் மறந்தனர். செசன்ற் நிலையத்துக் குளவிகளை நாடுவாரும் இலராயினர். அதன் விளைவு யாது?

கலிபோர்னியாவில் 1946-47ஆம் ஆண்டுகளில் டி.டி.ரி. தெளித்த தோடைத் தோட்டங்களில், அரை நூற்றாண்டுக்கு மேலாக அடங்கியிருந்த பழைய செதிற்பூச்சி மீண்டும் பெருகிற்று. மருந்து பொறிவண்டைக் கொன்றது, செதிற்பூச்சியைக் கொல்லவில்லை. தோட்டக்காரர் வண்டுகளை மீண்டும் தேடிப் பெற வேண்டியவராயினர். இலங்கையிலும் இதனை யொத்த நிகழ்ச்சி உண்டாயிற்று. தேயிலையின் தண்டைத் துளைக்கும் வண்டினைக் கொல்லுதற்கு டீல்திரின் என்னும் மருந்தைத் தெளித்தபோது, யாவாவிலிருந்து வந்த குளவி அழிய, சுருட்டுப்புழு மீண்டும் பெருந்தொகையாகத் தோன்றியது.

இதன் காரணத்தை மாணவர் நன்கு உணர்தல் வேண்டும். பீடை ஓரிடத்திற் படிந்திருந்து உண்கின்றது. இலைச்சுருளும் மெழுகுப்போர்வையும் அதற்குக் காவலாகின்றன. பகைவனோ இரையைத் தேடி இலை இலையாக அலைகின்றான்; எனவே நஞ்சை மிகுதியாகத் தீண்டுகின்றான். இஃது ஒன்று. பீடை விரைந்து பெருகுவது. தப்பிய சிலவற்றிலிருந்து சில வாரங்களில் மீண்டும் பல்லாயிரம் தோன்றும். பகைவன் பெருகுதற்கு முதலில் இரை பெருக வேண்டும். ஆகவே அவன் என்றும் பிந்தியே வருவான். இஃது இரண்டு. ஒரே நஞ்சைத் திரும்பத்திரும்பத் தெளிக்கும்போது, அதனைத் தாங்கவல்லனவே எஞ்சி இனம் பெருக்கும். சில ஆண்டுகளில் அந்நஞ்சு பயனற்றதாகும். இஃது மூன்று. இங்ஙனம் காவலாளரைக் கொன்றுவிட்டுக் கள்வரை விரட்ட முயல்வோன் கதையாக முடிகின்றது.

கண்ணாடி வீட்டுக்காரர் இதனை வெள்ளரியைத் தாக்கும் செஞ்சிற்றுண்ணியாற் கற்றனர். அது மருந்துகளைத் தாங்கப் பழகிவிட்டது. 1950களின் பிற்பகுதியிற் சிலி நாட்டிலிருந்து ஜேர்மனிக்கு வந்த ஓக்கிட் செடிகளில், சிற்றுண்ணியை உண்ணும் வேறொரு சிற்றுண்ணி தற்செயலாகக் கிடைத்தது. இது பூச்சியன்று, எட்டுக்கால் கொண்ட உயிர். எனினும் தொழில் அதுவே. ஒல்லாந்து நாட்டு வெள்ளரித் தோட்டக்காரராகிய ஜான் கோப்பெர்ட் 1967ஆம் ஆண்டில் இதனை வளர்த்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். செசன்ற் நிலையத்தார் பயன்படுத்திய குளவியும் 1970களில் மீண்டும் கண்ணாடி வீடுகளுக்கு வந்தது. 1987ஆம் ஆண்டளவிற் பெல்ஜியத்திலே தக்காளிப் பூவின் மகரந்தச் சேர்க்கைக்குப் பெருந்தேனீக்களை வளர்த்து விடும் முறை தொடங்கிய பின், நஞ்சைக் கைவிடுதற்கு மற்றுமோர் காரணம் உண்டாயிற்று. மருந்து தெளித்தால் தேனீயும் மடியும். தேனீ மடிந்தாற் காயில்லை.

வேலி பயிரை மேயாதிருக்க

இம்முறை எவ்விடத்தும் தீங்கற்றது என்று கூறுவோமாயின் உண்மைக்கு மாறாகும். ஆசியாவுக்குரிய பல்நிறப் பொறிவண்டு ஒன்றை, அழுக்கணவனை மிகுதியாக உண்கின்றதெனக் கண்டு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரப்பினர். அது கட்டுக்கடங்காது பெருகி, அந்நாடுகளின் பொறிவண்டுகளுடைய இரையைக் கவர்ந்ததோடு அவற்றின் முட்டைகளையும் குடம்பிகளையும் உண்ணலாயிற்று. எவரும் விடுவியாதிருக்கவும் 2004ஆம் ஆண்டில் அது பிரித்தானியாவையும் அடைந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுவாகும்.

முன்னர்க் கூறிய வேறுபாடு இங்கே வேண்டப்படுகின்றது. கலிபோர்னியாவுக்கு வந்த பொறிவண்டு இரைகௌவியாயினும் குறித்த செதிற்பூச்சியையும் அதன் உறவினத்தையுமே நாடுவது. கண்டதையெல்லாம் உண்ணும் உயிர் வேறு, ஒன்றையே நாடும் உயிர் வேறு. ஆகையாற் பிறநாட்டு உயிரொன்றைக் கொணருமுன் அது வேறு எவற்றை உண்ணும் என்பதை அடைத்த கூடத்தில் வைத்துச் சோதித்தல் வேண்டும். இஃது அரசாங்க ஆராய்ச்சி நிலையங்களின் கடன்; தனியார் எவரும் தாமாகச் செய்யத் தக்கதன்று.

அக்கடன் ஒழுங்காக நிறைவேறியமைக்கு நம் காலத்தெடுத்துக்காட்டும் உண்டு. மத்திய அமெரிக்கப் பகுதிக்குரிய பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி 2008ஆம் ஆண்டில் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் தோன்றியது. பப்பாசி, மரவள்ளி, செவ்வரத்தை எனப் பல செடிகளை அது பற்றியது. மெழுகுப்பொடி போர்த்த அதன் உடலில் மருந்து எளிதிற் பற்றவில்லை. போட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் 2009ஆம் ஆண்டில் இலங்கைக்கும், 2010ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் தருவிக்கப்பட்டு விடப்பட்டன. பீடை விரைவில் அடங்கிற்று.

நாம் செய்யத்தக்கன

இனி, நம் தோட்டத்தை நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை. சுண்ணாம்புப் பாறையின் கீழுள்ள நீரே பயிருக்கும் குடிப்பதற்கும் உரியது. தோட்டத்திற் கொட்டும் நஞ்சுக்கும் நாம் அள்ளிக் குடிக்கும் கிணற்றுக்கும் இடையே அப்பாறையின் வெடிப்புக்களே உள. ஆதலின் தெளிக்கும் ஒவ்வொரு துளியும் நம்மையும் நம் பிள்ளைகளையும் பற்றிய காரியமாகின்றது.

எனினும் மருந்தை ஒரே நாளில் நிறுத்திவிட்டாற் பகைப்பூச்சிகள் மறுநாளே வந்துவிடும் என எண்ணுதலும் தவறு. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்நாட்டில் இரசாயன உரங்களினதும் விவசாய மருந்துகளினதும் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. உழவர் பெரிதும் இடர்ப்பட்டனர்; அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. நஞ்சாற் பல்லாண்டு வறிதான தோட்டத்திற் காவலாளர் மீளக் குடியேறுதற்குக் காலமும் இடமும் உணவும் வேண்டும். அவற்றை அமைத்துக் கொடுத்துப் படிப்படியாக மருந்தைக் குறைத்தலே முறையாகும்.

முதலாவதாக, தெளிக்குமுன் இலையின் அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பயற்றங்கொடியில் அழுக்கணவன் அடர்ந்திருப்பின், அவற்றினிடையே ஊதி உருண்டு மண்ணிறமாய் அசைவற்றிருப்பன உளவா என நோக்குக. அவை குளவி குடியிருக்கும் கூடுகள். உடலில் வட்டத் துளையிருப்பின் குளவி வெளியேறிவிட்டதென அறிக. அத்தகையன பலவாயின் சில நாட் பொறுத்தல் நன்று.

இரண்டாவதாக, பொறிவண்டின் குடம்பியை இனங்காணப் பழகுதல் வேண்டும். அது வண்டைப் போன்றதன்று; கருமையாய் நீண்டு, முட்போன்ற மேடுகளோடு சிறு முதலைபோலத் தோன்றும். பீடையெனக் கருதி அதனை நசுக்குவோர் பலர். வெண்மூட்டுப்பூச்சியை உண்ணும் பொறிவண்டினம் ஒன்றன் குடம்பியோ வெண்மெழுகு இழைகளாற் போர்த்தப்பட்டுத் தன் இரையைப் போலவே தோன்றும். இரையினும் பெரியதாயும் விரைந்து நடப்பதாயும் இருத்தலால் அதனை வேறுபிரித்தறியலாம்.

மூன்றாவதாக, எறும்பைக் கவனித்தல் வேண்டும். அழுக்கணவனும் வெண்மூட்டுப்பூச்சியும் சொரியும் இனிய நீரை விரும்பும் எறும்புகள், அவற்றின் பகைவரைத் துரத்திக் காவல் செய்யும். எறும்பு செடியில் ஏறாது தடுத்தாற் பகைவர் தம் கடமையைத் தாமே செய்வர். நான்காவதாக, தோட்ட ஓரத்திற் கொத்தமல்லி, பெருஞ்சீரகம் போன்ற சிறுபூச் செடிகள் சிலவற்றைப் பூக்க விடுக. குடம்பியாயிருக்கும்போது புழுவைத் தின்னும் குளவி, வளர்ந்தபின் தேனையே உண்கின்றது. மருந்து இன்றியமையாத வேளையில், தோட்டம் முழுவதற்கும் தெளியாது பீடையுள்ள செடிக்கு மட்டும் தெளித்தல் ஐந்தாவது.

கல்லூரித் தோட்டத்தில் இரண்டு பாத்தி கத்தரியோ பயற்றையோ இட்டு, ஒன்றுக்கு மருந்து தெளித்தும் மற்றையதற்குத் தெளியாதும், வாரந்தோறும் இரண்டிலுமுள்ள பீடையையும் பகைவரையும் எண்ணி எழுதி வரலாம். இதற்கு வேண்டுவன ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஒரு கொப்பியும் பொறுமையுமே. ஒரு போகம் இங்ஙனம் எண்ணிய மாணவன், பூச்சியைக் கண்டவுடன் தெளிகருவியைத் தேடி ஓடமாட்டான். இது யார், என்ன உண்கின்றது என்று முதலில் வினவுவான். அவ்வினாவை அவன் தன் வீட்டுத் தோட்டத்துக்கும் கொண்டு செல்வானாயின், கல்லூரி தந்த கல்வி கிணற்று நீரையும் காத்ததாகும்.